ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் தளத்தில் நிற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குரோம்பேட்டையில் பிரவுசிங் சென்டரும் அதையொட்டி ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையும் நடத்துகிறேன். ஹால் டிக்கெட், பட்டா, வில்லங்கச் சான்று, ஜெராக்ஸ் என்று வருகிறவர்கள் பாதிப் பேர். "லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்குக்கா, கொஞ்சம் பாருங்க" என்று வருகிறவர்கள் மீதிப் பேர். இந்த இரண்டாவது கூட்டத்தில் பலரும் கிளம்பும்போது கேட்பது ஒன்றுதான்: "எந்த ஆன்டிவைரஸ் போட்டா எந்த சைட்டுக்கு வேணாலும் பயமில்லாம போகலாம்?" வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் இதற்கு இல்லை. செய்தித்தாள் வாங்கும் வீடுகளிலாவது இது போய்ச் சேரட்டும் என்று எழுதுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டது, இடம் கொடுக்க வேண்டுகிறேன்.

அப்படி ஒரு ஆன்டிவைரஸ் கிடையாது. என் கடையிலும் ஆன்டிவைரஸ் விற்கிறேன், விற்கிறவள் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன். என்னிடம் கெட்டுப்போய் வந்த கணினிகளில் பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு ஆன்டிவைரஸ் இருந்தது. காசு கொடுத்து வாங்கியதும் உண்டு, விண்டோஸோடு வந்ததும் உண்டு. அதை அணைத்து வைத்திருந்தவர் கணினியின் சொந்தக்காரர். "இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்துகொள்ளுங்கள், இது வைரஸ் என்று தவறாகக் காட்டும்" என்று தளத்தில் எழுதியிருக்கிறது. அவரும் நம்பி ஆஃப் செய்திருக்கிறார். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய மென்பொருளும் அந்த ஒரு கிளிக்குக்கு முன்னால் நிற்காது. எந்தத் தளமாவது இப்படிக் கேட்டால் அந்த இடத்திலேயே மூடிவிட வேண்டும் என்பதைத்தான் வருகிற எல்லோரிடமும் முதலில் சொல்கிறேன்.

ஆபத்தான தளம் என்றால் எல்லோருக்கும் ஆபாசத் தளம்தான் நினைவுக்கு வருகிறது. எங்கள் பகுதியில் நான் பார்ப்பது வேறு. வெள்ளிக்கிழமை வெளியான படத்தை அன்றிரவே தேடுவது, கிரிக்கெட் போட்டியை ஓசியில் பார்க்கக் கிடைக்கும் லிங்க், டிஎன்பிஎஸ்சி வினாத்தாள் பிடிஎஃப், காசு கட்டாத போட்டோஷாப், பிரின்டர் டிரைவர். அரசுத் தளம் போலவே வேஷம் போட்ட தளங்களும் உண்டு. திருட்டுப் படத்தை ஏற்றுவதும் பரப்புவதும் சட்டப்படி குற்றம், அதைப் பார்ப்பது படம் எடுத்தவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் பிரின்டர் டிரைவர் தேடும் பெரியவரும் பழைய வினாத்தாள் தேடும் பெண்ணும் எந்தத் தப்பும் செய்யவில்லை. கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வரும் முதல் லிங்க்கே போலியாக இருக்கலாம். அவர்களும் அதே குழியில்தான் விழுகிறார்கள்.

எப்படி விழுகிறார்கள் என்று தெரிந்தால்தான் எதை வாங்குவது என்பது புரியும்.

ஒரு படத் தளத்தைத் திறந்தால் 'டவுன்லோடு' என்று நாலைந்து பட்டன்கள் இருக்கும். பெரும்பாலும் எல்லாமே விளம்பரம்தான். ஒன்றைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறந்து, "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட 'அலவ்' அழுத்துங்கள்" என்று கேட்கும். அழுத்தியவுடன் அந்தத் தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கொடுத்துவிட்டோம். அன்றிலிருந்து திரையின் ஓரத்தில் "உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்" என்று, பெயர்பெற்ற ஆன்டிவைரஸின் சின்னத்தோடு மணிக்கொரு முறை எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். இது வைரஸே இல்லை. எந்த ஸ்கேனிலும் சிக்காது. பிரவுசரின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், தெரியாத தளங்களையெல்லாம் நீக்கினால் முடிந்தது. இந்தச் சின்ன வேலைக்கு ஒரு கடையில் ஃபார்மேட் செய்து, ஆன்டிவைரஸும் போட்டு, பில் வாங்கிக்கொண்டு வந்த அம்மாவைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் பள்ளிக்கூடப் படங்களெல்லாம் அந்த ஃபார்மேட்டில் போய்விட்டன.

இதைவிட மோசமான ஒன்று இப்போது பரவியிருக்கிறது. அதுவும் ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொல்வதுதான். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, பிறகு கன்ட்ரோல்-வி, பிறகு என்டர் என்று வரிசையாகச் சொல்லும். அந்தப் பக்கம் ஏற்கனவே ஒரு கட்டளையை நமக்குத் தெரியாமல் காப்பி செய்து வைத்திருக்கும். நாமே அதை ஒட்டி, நாமே ஓட்டுகிறோம். உள்ளே வருவது பெரும்பாலும் தகவல் திருடும் மென்பொருள். அந்த வகையில் லும்மா என்று ஒன்று. 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை, இரண்டே மாதத்தில், உலகம் முழுக்க 3,94,000 விண்டோஸ் கணினிகளில் அதைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. கன்ட்ரோல்-வி அழுத்தச் சொல்லும் எந்த ரோபோ சோதனையும் உண்மையானது கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இந்தத் திருட்டு மென்பொருள் கணினியைக் கெடுப்பதே இல்லை, அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். ஜிமெயிலில் ஒருமுறை நுழைந்தால் மறுநாள் பாஸ்வேர்டு கேட்பதில்லையே, அதற்குக் காரணம் அந்தக் குக்கீதான். அது திருடன் கையில் கிடைத்தால் பல இடங்களில் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். பல்லாவரத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு தம்பிக்கு இது நடந்தது. எடிட்டிங் மென்பொருளின் கிராக் பதிப்பை, அதாவது காசு கட்டாமல் ஓட உடைக்கப்பட்ட பதிப்பை, ஒரு ஜிப் ஃபைலாக இறக்கியிருக்கிறார். அதைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு, அதுவும் அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பதை ஆன்டிவைரஸ் பார்க்க முடியாமல் செய்யத்தான் அந்தப் பூட்டு. ஃபைலும் வேண்டுமென்றே பெரிதாக ஊதப்பட்டிருந்தது, சந்தேகம் வந்தாலும், ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்களால் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்ற முடியாது. அங்கே 650 எம்பிக்கு மேல் வாங்கமாட்டார்கள். இரவோடு இரவாக மெயிலும் போனது, வாடிக்கையாளர்களின் வீடியோவெல்லாம் வைத்திருந்த யூடியூப் சேனலும் போனது. அவர் உழைத்துச் சேர்த்த பெயர் அது. அந்தத் தம்பி கடையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்த பிறகு இதைச் சாதாரண விஷயம் என்று என்னால் விட முடியவில்லை.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

"ஸ்பைவேருக்குத் தனியா ஒண்ணு வாங்கணுமா?" என்று இன்னும் கேட்கிறார்கள். ஸ்பைவேர் என்றால் நமக்குத் தெரியாமல் உளவு பார்க்கும் மென்பொருள். ஒரு காலத்தில் வேண்டியிருந்தது. அப்போது ஆன்டிவைரஸ் ஒன்று, ஸ்பைபாட் அல்லது ஆட்-அவேர் இன்னொன்று என்று இரண்டும் போடுவோம். மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொடுத்த விண்டோஸ் டிஃபெண்டரும் ஸ்பைவேருக்கு மட்டும்தான். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது அதுவே முழு ஆன்டிவைரஸ் ஆகிவிட்டது. இன்று நல்ல ஆன்டிவைரஸ் எதுவாக இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே பார்க்கும். தனியாக 'ஆன்டி ஸ்பைவேர்' என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

விண்டோஸ் 11 இருந்து, அப்டேட்டும் ஒழுங்காக நடந்தால், ஒரு சாதாரண வீட்டுக்கு உள்ளே இருக்கும் டிஃபெண்டர் போதும் என்பது என் கருத்து. இலவசமாகக் கிடைப்பது மட்டம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் பாதுகாப்பு, வேகம், தவறான எச்சரிக்கை கொடுக்காமல் இருப்பது மூன்றுக்கும் தலா 6 வீதம் 18 மதிப்பெண் போடுகிறது. அதில் டிஃபெண்டர் பலமுறை முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆய்வகமும் இப்படி முடிவுகளை வெளியிடுகிறது. இரண்டும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும். ஒரு மாத முடிவை மட்டும் பார்க்காமல் நாலைந்து முடிவுகளைச் சேர்த்துப் பாருங்கள். டிஃபெண்டரின் பலவீனம், இணைய இணைப்பு இருக்கும்போதுதான் அதன் முழு பலமும் தெரியும் என்பது. நெட் இல்லாத கணினியில் பென்டிரைவ் பென்டிரைவாகச் செருகுபவர்கள் வேறொன்று வாங்குவது நல்லது.

டிஃபெண்டரில் சிலவற்றை நாமே சரிபார்க்க வேண்டியிருக்கும். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து, 'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்' பகுதியில் 'பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்' என்பது ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். நாம் கேட்காமல் ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார், விளம்பர மென்பொருள் போன்றவற்றை அதுதான் தடுக்கும். 'டேம்பர் புரொடெக்ஷன்' ஆனில் இருந்தால் வேறு மென்பொருள் பின்னாலிருந்து டிஃபெண்டரை அணைக்க முடியாது. அப்புறம் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்ற பட்டியல், டிஃபெண்டர் சோதிக்காமல் விட்டுவிட வேண்டிய இடங்கள் அதில் இருக்கும். அது காலியாக இருக்க வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ரிச்சி தெருவிலும் மற்ற இடங்களிலும் நிறுவனங்கள் கழித்துப் போட்ட பழைய லேப்டாப்கள் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. படிக்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி, நானே பலரை அங்கே அனுப்புகிறேன். ஆனால் சில கடைகளில் உரிமம் இல்லாத விண்டோஸை 'ஆக்டிவேட்டர்' போட்டு ஓட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஆக்டிவேட்டரை டிஃபெண்டர் பிடித்துவிடும் என்பதால் சி டிரைவ் முழுவதையும் எக்ஸ்க்ளூஷனில் சேர்த்துவிடுகிறார்கள். பச்சை டிக் காட்டிக்கொண்டே, எதையும் பார்க்காத ஆன்டிவைரஸ் அது. வாங்கும்போது கடையிலேயே திறந்து பாருங்கள். பில்லில் விண்டோஸ் உரிமம் உண்டா என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வியாபாரிகள் சங்கம் தானாக முன்வந்து இதை வழக்கமாக்கினால் இந்த ஊர் பிள்ளைகளுக்கு அது பெரிய நன்மை.

அந்தப் பழைய லேப்டாப்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை விண்டோஸ் 11-க்கு அதிகாரப்பூர்வமாகத் தகுதி இல்லாதவை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது, அதில் நாம்தான் சேர வேண்டும். டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை விண்டோஸ் 10-க்கு வரும். இதனால் பலர் ஏமாறுகிறார்கள். பட்டியல் புதிதாக இருக்கிறதே, கவலை எதற்கு என்று நினைக்கிறார்கள். காவலாளி புதியவர், ஆனால் அந்தப் பாதுகாப்பு அப்டேட் இல்லாவிட்டால் பின்சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்க ஆள் வரப்போவதில்லை. காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

காசு கொடுத்து எப்போது வாங்கலாம்? வயதான அப்பா அம்மா தனியாக வங்கி வேலை பார்க்கிறார்கள், ஒரே கணினியில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், கணக்கு எழுதும் அலுவலகத்தில் டாலி ஓடுகிறது என்றால் வாங்குங்கள். எந்த பிரவுசரில் திறந்தாலும் போலித் தளத்தைத் தடுப்பது, பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு, போன் செய்தால் பேச ஓர் ஆள் என்று சில வசதிகள் கிடைக்கும். இந்திய நிறுவனங்களே இதில் பழம் தின்று கொட்டை போட்டவை. கே7 நம் சென்னையிலேயே 1991-இல் தொடங்கிய நிறுவனம், குயிக் ஹீல் புனேயில் இருக்கிறது. எதையும் வாங்கச் சொல்லி நான் இங்கே சிபாரிசு செய்யவில்லை. ஆய்வக முடிவையும், இரண்டாம் வருடம் புதுப்பிக்க என்ன விலை என்பதையும் பார்த்து முடிவு செய்யுங்கள். முதல் வருட விலை பெரும்பாலும் தள்ளுபடி விலை. கார்டில் தானாகப் பணம் எடுக்கும் வசதியை வாங்கிய அன்றே நிறுத்திவிடுங்கள். உடனுக்குடன் கண்காணிக்கும் ஆன்டிவைரஸ் இரண்டை ஒரே கணினியில் போடாதீர்கள், ஒன்றை ஒன்று தடுத்துக்கொண்டு கணினி நகரவே நகராது. சந்தேகம் இருந்தால் மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பை வைத்து அவ்வப்போது ஒரு ஸ்கேன் ஓட்டலாம். அது கேட்டால் மட்டும் பார்க்கும், பின்னணியில் ஓடாது. புது லேப்டாப்போடு வரும் டிரையல் காலாவதியானால் நீக்கிவிடுங்கள், டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும்.

இலவச ஆன்டிவைரஸ் என்று இணையத்தில் கிடைப்பதை எல்லாம் நம்பவும் முடியவில்லை. அவாஸ்ட் நிறுவனம் தன் மென்பொருள் மூலம் சேகரித்த, மக்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக விற்றது என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி குற்றம் சாட்டியது. 2024 பிப்ரவரியில் 1.65 கோடி டாலர் கட்டும்படி ஆனது. உளவு பார்ப்பதைத் தடுக்கத்தான் இதைப் போடுகிறோம். போட்டதே உளவு பார்த்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஆன்டிவைரஸுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை இன்னும் இரண்டு விஷயங்களுக்குக் கொடுத்தால் என் கடைக்கு வருகிற கூட்டம் பாதியாகக் குறையும். குறையட்டும். ஒன்று, விளம்பரத் தடுப்பான். யூபிளாக் ஆரிஜின் ஃபயர்ஃபாக்ஸில் முழுமையாக ஓடுகிறது. குரோமில் அது நின்றுவிட்டதால் அதன் லைட் பதிப்பைப் போட வேண்டும். போலி டவுன்லோடு பட்டன்களில் பெரும்பகுதி கண்ணிலேயே படாது. இரண்டாவது, தினசரி வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுன்ட்டைப் பயன்படுத்தாமல் ஸ்டாண்டர்டு அக்கவுன்ட் ஒன்றை உருவாக்கிக்கொள்வது. எது கணினிக்குள் ஆழமாக இறங்கப் பார்த்தாலும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அந்தப் பாஸ்வேர்டு வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் இருந்தால் போதும். குக்கீ திருட்டை இது தடுக்காது, ஆனால் கணினி முழுவதும் பறிபோவதைப் பெருமளவு தடுக்கும். என் சென்டரில் எல்லாக் கணினியும் இப்படித்தான். அதோடு ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்கே திரும்பும் மென்பொருளும் போட்டிருக்கிறேன்.

இன்காக்னிட்டோவில் போனால் வைரஸ் வராது என்று நினைக்கும் மாணவர்கள் நிறைய. அது நம் கணினியில் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். நம் இணைய முகவரியை மறைக்கும் விபிஎன்னும் வைரஸைத் தடுப்பதற்கானது இல்லை.

எப்படியும் அந்த மாதிரித் தளங்களுக்குப் போகத்தான் போகிறேன் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வங்கி, மெயில், வேலை எல்லாம் இருக்கும் கணினியில் போகாதீர்கள். 2011-இல் தொடங்கி அரசு கொடுத்த இலவச லேப்டாப் பல வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது. அதில் விண்டோஸ் 7 இருந்தால் அதற்கு ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, அதோடு நெட்டில் போகவே கூடாது. அதிலேயே விண்டோஸுக்கு மாற்றான பாஸ் லினக்ஸும் வந்தது, மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக்கின் சென்னைக் கிளையில் உருவானது. அந்தப் பழைய பதிப்பை விட்டுவிட்டு, அந்தக் கணினி தாங்குகிற இன்றைய லினக்ஸ் ஒன்றைப் போட்டு, பிரவுசரைப் புதிதாக்கி, எந்த அக்கவுன்ட்டிலும் நுழையாமல் பயன்படுத்துங்கள். விண்டோஸுக்காக எழுதிய திருட்டு மென்பொருள் அதில் சாதாரணமாக ஓடாது. ஓடினாலும் திருட அங்கே ஒன்றும் இருக்காது.

போனைப் பற்றிச் சுருக்கமாக. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றோ, போக்குவரத்து அபராதம் என்றோ ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) வந்தால் தெரிந்தவர் நம்பரிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள். அவர் போன் ஏற்கனவே திருடன் கையில் இருக்கலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017 பிப்ரவரியில் சைபர் ஸ்வச்சதா கேந்திரா என்ற மையத்தைத் தொடங்கி, வைரஸ் நீக்கும் கருவிகளை இலவசமாகக் கொடுத்துவருகிறது. முகவரி சிஎஸ்கே டாட் கவ் டாட் இன், நம் ஊரில் யாருக்கும் மறக்காத மூன்று எழுத்து. கடைக்கு வரும் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குக்கூடத் தெரிவதில்லை. சினிமா விளம்பரத்துக்குப் பக்கத்தில், வெள்ளிக்கிழமைதோறும், ஒரு சின்னக் கட்டத்தில் இந்த முகவரியையும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் நீங்கள் அச்சிட வேண்டும். அதோடு இதையும் சேர்த்துப் போடுங்கள்: கணினியில் ஏதோ புகுந்துவிட்டது என்று தெரிந்தால் முதலில் நெட்டைத் துண்டிக்க வேண்டும். பிறகு வேறொரு போனிலிருந்தோ கணினியிலிருந்தோ மெயில், வங்கிப் பாஸ்வேர்டுகளை மாற்றி, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்த வேண்டும். கெட்டுப்போன அதே கணினியில் பாஸ்வேர்டு மாற்றினால் புதியதும் திருடனுக்கே போகும். பணம் போயிருந்தால் உடனே 1930. கணினியைச் சரிசெய்ய எங்களைப் போன்றவர்களிடம் கொண்டுவருவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் வாசகி,
குரோம்பேட்டை, சென்னை – 44